முதுகுக்கும் கைக்கும் நடுவே

மலைக்குப் படமெடுக்கக் கிளம்புகிறவரின் பையைத் திறந்து பார்த்தால், அவருடைய பயங்கள் தடுப்புக்குத் தடுப்பு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பறவை எட்டாத தூரத்தில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு நீள லென்ஸ். யானைக்கூட்டம் சாலைக்கே வந்துவிட்டால்? அதற்கு ஒரு அகல லென்ஸ். பூவின் மேல் பனித்துளி இருந்தால் மேக்ரோ, வெளிச்சம் போய்விட்டால் ட்ரைபாட், கேமரா மக்கர் செய்தால் இன்னொரு பாடி. பேட்டரி தீர்ந்தால், கார்டு செத்தால், ஃபில்டரில் கீறல் விழுந்தால் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை உண்டு. தண்ணீர் பாட்டிலுக்கும் புளிசாதப் பொட்டலத்துக்கும் மட்டும் இடம் இருக்காது. கேமராவுக்குப் பசிக்காது என்பதைப் பை வடிவமைப்பவர்கள் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். தூக்குகிறவனுக்குப் பசிக்கும் என்பதுதான் அவர்களுக்கு அடிக்கடி மறந்துபோகிறது.

எடையைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். நிகான் டி850 பாடி, பேட்டரியோடு ஒரு கிலோ. பறவைக்காரர்கள் பலர் வைத்திருக்கும் நிகான் 200-500 மி.மீ. லென்ஸ் 2.3 கிலோ. கார்பன் ட்ரைபாட்டும் அதன் தலையும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தொடும். இன்னும் இரண்டு லென்ஸ், சார்ஜர், துடைக்கும் துணி, சில்லறைச் சாமான்கள். இவற்றோடு பையின் சொந்த எடையும் இருக்கிறது. தடித்த ஃபோம் வைத்த பெரிய கேமராப் பை காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும். கடைக்காரர் அந்தக் காலிப் பையைத்தான் நம் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நிறுத்துகிறார். அப்போது எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். உள்ளே பத்து கிலோ அரிசியைப் போட்டு, கடையின் மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கிவிட்டு வாங்குங்கள் என்று நான் கேட்கிறவர்களிடம் சொல்வதுண்டு. இதுவரை யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

விமானத்தில் போகிறவர்களின் பாடு தனி. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்கில் போடவும் கூடாது. கவுண்டரில் பையை நிறுக்கச் சொன்னதும் சிலர் ஜாக்கெட்டின் எல்லாப் பைகளிலும் லென்ஸைத் திணித்துக்கொண்டு, அவசரமாக இரண்டு சுற்று பெருத்துப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சுமை படமெடுப்பவரின் சொந்த முதுகுக்கு வந்து சேர்ந்ததே பிற்பாடுதான். 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். அவருடைய கேமராவும் பெரிய பெரிய காகித நெகட்டிவ்களும் ரசாயனங்களும் மாட்டு வண்டிகளில் வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார் அவர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிமாடுகளும் நினைவுக்கு வரும்.

சில வருடங்கள் கழித்து இமயமலைக்குப் போன சாமுவேல் போர்னுக்கு மாட்டு வண்டியும் உதவவில்லை. அவருடையது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, அந்த ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். அதனால் இருட்டறைக் கூடாரமும் கூடவே மலையேறியது. 1866 பயணத்தில் அவருடன் ஏறக்குறைய 80 கூலிகள். 18,000 அடிக்கு மேலே மணிரங் கணவாயில் நின்று படமெடுத்தார். கூலிகள் சுமையைப் போட்டுவிட்டு ஓடிப்போவதைப் பற்றிப் பத்திரிகைக் கட்டுரைகளில் அலுத்துக்கொண்டும் இருக்கிறார். ஓடியவர்கள் எழுதவில்லை.

ஆன்சல் ஆடம்ஸ் தானே சுமந்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1927 ஏப்ரலில், யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுப்பதற்காகப் பனியில் ஏறியபோது அவர் முதுகில் 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. அதில் கண்ணாடித் தட்டுகள் பன்னிரண்டு. வழியில் அங்கங்கே எடுத்துத் தீர்த்தது போக, பாறைமுகத்தில் வெயில் விழுந்த நேரத்தில் மிஞ்சியவை இரண்டே. அதில் கடைசித் தட்டுக்குக் கருஞ்சிவப்பு ஃபில்டரைப் போட்டு எடுத்ததுதான் அவர் பெயரை நிலைநாட்டிய ‘மோனோலித்’. முதுகு இன்னும் இருபது தட்டுகளைத் தாங்கியிருந்தால் அவர் அந்த இடத்தில் நின்று அவ்வளவு யோசித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். நம் ஊரில் மா. கிருஷ்ணன், தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். பெயரிலேயே கனம் தெரிகிறது. முதுமலையில் யானை மேலிருந்தும் தரையில் நடந்தும் காட்டுவிலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அவர்.

ஆகவே கேமரா முதுகுப்பையை ஒருவகையில் நியாயமான பொருள் என்றே சொல்வேன். படத்தின் கீழ் யார் பெயர் வருகிறதோ அவரே சுமக்கிறார்.

மலையேறுபவரின் பையும் கேமராக்காரரின் பையும் ஒரே ஆளிடம் சந்தித்தது உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் 1967இல் உள்சட்டம் வைத்த மலையேற்றப் பையை உருவாக்கிய கிரெக் லோதான், லோப்ரோ கேமராப் பைகளையும் தொடங்கிவைத்தவர். ஆனால் இந்த இரண்டு பைகளுக்கும் உள்ளூர ஆகாது. மலையேற்றப் பை முதுகுக்காகத் தைக்கப்படுவது. கனமான பொருள் முதுகெலும்போடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் உயரத்தில் இருக்கவேண்டும். இடுப்புப்பட்டை பெரும்பங்கு எடையை வாங்கிக்கொள்ளவேண்டும். காலையில் இறுக்கிக் கட்டினால் சாயங்காலம் கூடாரத்தில் திறந்தால் போதும். கேமராப் பை கைக்காகத் தைக்கப்படுவது. எல்லாம் கண்ணுக்குத் தெரியவேண்டும், எதுவும் எதன்மேலும் இருக்கக் கூடாது, ஒரு மணி நேரத்தில் பத்து தடவை திறக்கவேண்டும். அறை அறையாகப் பரப்பிவைத்தால் எடை முதுகைவிட்டு வெளியே தள்ளிப்போகிறது. அடுக்கி முதுகோடு ஒட்டினால் வேண்டிய லென்ஸ் அடியில் போய்ச் சிக்குகிறது. சந்தையில் வரும் ஒவ்வொரு புதுப் பையும் இந்த வழக்கில் ஒரு சமரசத் தீர்ப்பு, அவ்வளவுதான்.

பக்கவாட்டு ஜிப் வைத்தார்கள். பையைக் கழற்றாமலே கேமராவை உருவலாம், ஆனால் அந்த ஒன்றை மட்டும்தான் உருவலாம். முதுகுப்பக்கம் திறக்கும் பை வந்தது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் சேற்றில் நடந்தவராகத்தான் இருக்கவேண்டும். முகம் குப்புறப் பையைக் கிடத்தித் திறப்பதால், நம் முதுகில் படும் பக்கம் மண்ணிலும் அட்டையிலும் புரளாது. உள்ளே தனிப்பெட்டியாகக் கழற்றி மாட்டும் வகையும் உண்டு. நாள் முழுக்க நடை என்றால் சிறிய பெட்டியைப் போட்டுக்கொண்டு, மிச்ச இடத்தில் சாப்பாட்டையும் மழைக்கோட்டையும் வைக்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான்.

என் கட்சி முதுகுக் கட்சி. கையின் குறையைத் தீர்க்க பைக்கு வெளியே வழி இருக்கிறது. ஒரு பாடியும் ஒரு லென்ஸும் எப்போதும் வெளியே, கழுத்திலோ தோள்வாரில் கவ்வும் கிளிப்பிலோ இருந்தால் போதும். முதுகின் குறையைத் தீர்க்க வேறு எங்கும் வழி கிடையாது. களைத்துப்போய் மேலே வந்தவன், வெளிச்சம் பிரமாதமாக இருக்கும்போது முதலில் உட்கார இடம் தேடுகிறான். பையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, லென்ஸ் மாற்றவேண்டுமே என்ற அலுப்பிலேயே போன படங்கள் எத்தனையோ. அவை எடுக்கப்படவே இல்லை என்பதால் யாருக்கும் கணக்கில்லை.

புகைப்படக்காரர் கேலன் ரோவெல் இதைத் தெரிந்து வைத்திருந்தவர். 1981இல் லாசாவில் வானவில் ஒன்று கிளம்பியதைப் பார்த்தார். தான் இடம் மாறினால் அதன் கால் பொட்டாலா அரண்மனையின் மேல் வந்து ஊன்றும் என்று கணக்குப் போட்டு ஓடினார். கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேலே, மூச்சு வாங்கும் காற்றில், ஓடினார். அந்தப் படம் உலகமெல்லாம் போஸ்டராகத் தொங்கியது. பத்து கிலோப் பையை மாட்டிக்கொண்டு ஓட முடியாதவனுக்காக வானவில் காத்திருக்காது.

சட்டைப் பைக்கே எல்லாவற்றையும் சுருக்கியவர்களும் உண்டு. 1924 எவரெஸ்ட் பயணத்தில் ஜார்ஜ் மாலரியிடம் ஒரு வெஸ்ட் பாக்கெட் கோடாக் கேமரா இருந்தது. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். அது அவருடையதல்ல, கூட வந்த ஹோவர்ட் சோமர்வெல் கொடுத்தனுப்பியது. சோமர்வெல்லைக் குமரி மாவட்டத்துக்காரர்கள் டாக்டராக அறிவார்கள். 1922இல் தன் முதல் எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர்சுற்ற வந்தபோது நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு அங்கேயே அறுவை சிகிச்சை செய்யத் தங்கியவர். பின்னால் வேலூரிலும் இருந்தார். அந்தச் சின்னக் கேமரா மாலரியோடும் அவருடன் உச்சிக்குக் கிளம்பிய இர்வினோடும் போனது போனதுதான். 1999இல் மாலரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. இருவரும் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்கு விடை அதன் பிலிமில் இருக்கலாம் என்று இன்றும் தேடுகிறார்கள். 1953இல் ஹிலாரி, கோடாக் ரெட்டினா கேமராவைக் குளிரில் உறையாமல் உடுப்புக்குள் வைத்துக் கொண்டுபோய், உச்சியில் டென்சிங்கை எடுத்தார். உலகத்தின் மிக உயரமான இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்தப் பையும் அல்ல, மேலாடைதான்.

நமக்கு எவரெஸ்ட் வேண்டாம், கோடியக்கரை போதும். பூநாரைகள் இறங்கும் சேற்றுப் பரப்பில் முழங்கால் புதைய நின்றுகொண்டு பையை எங்கே இறக்கிவைப்பது? உலர்ந்த சமதரை பக்கத்தில் எப்போதும் இருக்கும் என்று கேமராப் பைகள் நம்புகின்றன. வயல் வரப்பு, பிச்சாவரத்துப் படகு, அலை வந்துபோகும் மணல், சோலைக்காட்டின் மக்கிய இலை, எதுவும் அவற்றின் கற்பனையில் இல்லை. இடுப்புப்பட்டையோடு சுற்றி முன்னால் வந்து, வயிற்றுக்கு நேரே திறக்கும் பை ஒன்று உண்டு. சேற்றில் நிற்கிறவனுக்கு அதுதான் மேசை.

சத்தமும் ஒரு விஷயம். உட்தடுப்புகளை ஒட்டவைக்கும் வெல்க்ரோ, சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது துணியிலும் ரோமத்திலும் ஒட்டியிருந்த முள்காய்களைப் பார்த்து யோசித்தது. 1955இல் காப்புரிமை வாங்கினார். நம் வேட்டியில் நாயுருவி ஒட்டுகிறதே, அந்த வேலைதான். காட்டிலிருந்து கற்றுக்கொண்ட அந்தப் பொருளைக் காட்டுக்குள் பிரித்துப் பாருங்கள். ‘சர்ர்’ரென்ற ஒரே இழுப்பில் புள்ளிமான் கூட்டம் வாலைத் தூக்கிவிடும். வெளி மடிப்புகளில் வெல்க்ரோ வைத்த பையைக் காட்டுக்கு என்று விற்பவர்கள் காட்டுக்குப் போனதில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வால்பாறைக்கு மேலே, தமிழ்நாட்டில் மழை மிக அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு போகும் வழியில், தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். தலையில் மாட்டிய வாரில் முதுகுக்குப் பின்னே கொழுந்துப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

“என்ன தம்பி, கல்லு மூட்டையா?”

“கேமராங்கக்கா.”

கைப்பிடியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தார். “பத்து கிலோ தாண்டும். கனமெல்லாம் அடியில கெடக்கு பாருங்க. மேல ஏத்தி, முதுகோட ஒட்டிக் கட்டுங்க. பின்னால இழுக்காது.”

தினமும் கொழுந்தைத் தராசில் நிறுத்துப் பழகிய கை. எடையும் சரி, யோசனையும் சரி. பை தயாரிப்பாளர்களின் கையேடுகள் படம் போட்டு விளக்குவதும் இதைத்தான். எடை முதுகை விட்டு விலக விலக, உடம்பு அதை ஈடுகட்ட முன்னால் குனிகிறது. இடுப்பும் கழுத்தும் நாள் முழுக்க அதற்குக் கூலி கொடுக்கின்றன. நேபாளத்துச் சுமைதூக்கிகள் நெற்றிவாரில் கூடையைத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதை ஆராய்ந்து 2005இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தைச் சுமந்தார்கள் என்கிறது அது. அதற்கு முன்னால் நம் பத்து கிலோவைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. தோட்டத்துப் பெண்களை ‘பச்சைப் பின்னணியில் புன்னகை’ என்று எடுத்துப் போகிற நாம், அந்த வார் நெற்றியில் எங்கே அழுத்துகிறது என்று உற்றுப் பார்ப்பதில்லை.

இடுப்புப்பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சுயரப் பைகளைத் தவிர, பல கேமராப் பைகளில் அது ஒப்புக்குத்தான் இருக்கிறது. மெல்லிய நாடா, தொப்புளில் ஒரு கொக்கி. எடையை வாங்கவேண்டுமென்றால் பட்டை தடித்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரவேண்டும். பார்க்கவேண்டியது நம் மொத்த உயரத்தை அல்ல. கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை முதுகு எவ்வளவு நீளம் என்பதைத்தான். முதுகு குட்டையானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்கள் பலருக்கு, பெரிய பையின் பட்டை தொடைக்கு மேல் வந்து தட்டுகிறது. எடை மொத்தமும் திரும்பவும் தோளுக்கே போகிறது.

மழை உறையை நான் அதிகம் நம்புவதில்லை. அது பையின் வெளிப்பக்கத்தை மூடுகிறது. பின்கழுத்தில் வழியும் தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவே இறங்கி, ஃபோமில் ஊறி, உள்ளே போகிறது. சாரலோடு காற்றும் அடித்தால் உறை ஊதிக்கொண்டு கிளம்பிவிடும். உள்ளே ஒரு கனத்த பிளாஸ்டிக் பை, அதற்குள் கேமரா என்பது மலிவான வழி, தோற்காத வழி. ஊர் திரும்பியதும் பையையும் கேமராவையும் பிரித்துவிடவேண்டும். நனைந்த ஃபோம் பல நாள் ஈரத்தை விடாது. நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அந்த இருட்டும் ஈரமும் லென்ஸ் பூஞ்சைக்கு மாமியார் வீட்டு விருந்து. பயணத்தில் கேமராவைக் காப்பாற்றிய பையே வீட்டில் அதைக் கெடுக்கும்.

கூட்டத்தில் முதுகுப்பை கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஆழித்தேர் வரும் திருவாரூர் வீதியிலோ குலசேகரன்பட்டினம் தசராவிலோ பையோடு நிற்கிறவன் இரண்டு ஆள் அகலம். திரும்பும்போதெல்லாம் பின்னால் நிற்கும் குழந்தையின் முகத்தில் இடிக்கும். போதாததற்கு, “எந்த டிவி சார்?” என்ற கேள்வி வேறு.

மிரர்லெஸ் வந்தபோது பாரம் குறையும் என்றார்கள். பாடி இளைத்தது உண்மை. மிச்சமான இடத்தில் இன்னொரு லென்ஸும் ஒரு ட்ரோனும் வந்து உட்கார்ந்துகொண்டதும் உண்மை. பெரிய பை வாங்கியவர் அதைப் பாதி காலியாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. அதனால் இப்போதெல்லாம் என்ன கொண்டுபோவது என்று யோசித்துப் பை எடுப்பதில்லை. சின்னப் பையை முதலில் எடுத்துவிடுகிறேன், வராதவை வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று. நீள லென்ஸ் எடுத்த அன்று அகல லென்ஸ் கிடையாது. அன்றைக்கு மலை முழுவதும் வேண்டாம், மரத்தில் இருக்கும் இருவாச்சி போதும் என்று காலையிலேயே முடிவாகிவிடுகிறது. அது வராவிட்டால் வேடிக்கை பார்த்துக்கொண்டே திரும்பலாம்.

பையில் முதலில் போவது துணியோ ஃபோமோ அல்ல, ஜிப். மணலும் உப்பும் அதைத் தின்றுவிடும். போன மழைக்காலம் முடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடையும் பையும் தைக்கும் கடைக்கு எடுத்துப்போனேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஜிப்பு நல்லாத்தான் இருக்கு, ஜப்பான் ஜிப்பு. ரன்னர் போயிருக்கு. ரன்னர் மட்டும் மாத்துனா போதும் சார்.”

மாற்றிக்கொண்டே வார்களை ஒவ்வொன்றாகத் தூக்கி விசாரித்தார். தோளுக்கு மேலே பையை முன்னோக்கி இழுக்கும் வாரைத் தொட்டதும், “இது வேணும், கனத்த இழுத்துப் புடிக்கும்” என்று தானே சொல்லிக்கொண்டார். அடியில் தொங்கிய வளையத்தில் நின்றார்.

“இது என்னத்துக்கு சார்?”

“பனிக்கோடாரி மாட்டறதுக்குண்ணே.”

“நம்மூர்லயா?” கத்திரிக்கோலை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் கீழே வைத்துவிட்டு, வளையத்தைப் பிரித்துக் கொஞ்சம் மேலே ஏற்றி, இன்னும் இறுக்கமாகத் தைத்தார். கடையில் கிடந்த ஒரு குடையை அதில் செருகிக் குலுக்கிப் பார்த்தார். விழவில்லை.

“ரன்னருக்கு மட்டும் காசு குடுங்க” என்றார்.